மைனஸ் குத்து இலவசமா இருக்கலாமா?

புனேயில் பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். எங்க டீமுக்குப் புதுசா வர்ற பசங்க நாமக்கல்லோ நாக்பூரோ, ஒரு விஷயத்துல ஒண்ணு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோல போய்க் கேளுப்பான்னா முகம் மாறிடும். "வேணாம்ணே, மைனஸ் விழும்." சாட்ஜிபிடிகிட்ட கேட்டுக்குவாங்க. அது யாரையும் திட்டாது பாருங்க.

இத்தனைக்கும் கணக்கைப் பார்த்தா பயப்பட ஒண்ணுமே இல்லை. 2008ல ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் ஆரம்பிச்ச தளம் அது. ஒரு பிளஸ் விழுந்தா 10 புள்ளி ஏறும், ஒரு மைனஸ் விழுந்தா 2 இறங்கும். அதாவது ஒரு பிளஸ் அஞ்சு மைனஸைத் தின்னுடும். எத்தனை குத்து வாங்கினாலும் 1க்குக் கீழே போகாது. வலிக்கிறது புள்ளி போனதால இல்லை, குத்தினது யாருன்னே தெரியலையேன்னுதான். (தமிழ்மணத்துல மைனஸ் குத்து வாங்கின பழைய ஆளுங்களுக்கு இதை விளக்கணுமா என்ன :-))

அதனால, குத்துறவர் காரணம் சொல்லியே ஆகணும்னு விதி போடுங்கன்னு நிறைய பேர் கேக்கறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. பேர் வெளியே வந்தா அடுத்த நிமிஷமே இவர் போய் அவரோட பழைய பதிலையெல்லாம் தோண்டியெடுத்துக் குத்துவார். அப்படி ஒரே ஆளை வரிசையா குத்தறதைக் கண்டுபிடிச்சுத் திருப்பிவிடறதுக்குன்னே அங்கே ஒரு நிரல் ஓடுதுன்னா பார்த்துக்கங்க!

என் சண்டை வேற. பதிலுக்கு மைனஸ் குத்தினா, குத்துறவருக்கும் 1 புள்ளி போயிடும். அருமையான ஏற்பாடு. கைக்காசு போகுதுன்னா ஒரு தடவை யோசிப்போம் இல்லையா? கேள்விக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. 2011ல எடுத்துட்டாங்க. குப்பைக் கேள்விகள் குவியுது, புள்ளி போயிடுமேன்னு யாரும் குத்த மாட்டேங்கறாங்கன்னு அப்போ ஒரு கவலை. கவலை நியாயம்தான். ஆனா என்ன ஆச்சு? பதில் சொல்றவர் பெரும்பாலும் அனுபவஸ்தர், கேள்வி கேக்கறவர்தான் பல சமயம் கத்துக்குட்டி. அனுபவஸ்தரைக் குத்தக் காசு, கத்துக்குட்டியைக் குத்த இலவசம்!

2018 ஏப்ரல்ல அந்த நிறுவனமே, நம்ம இடம் புதுசா வர்றவங்களை அவ்வளவா வரவேற்கலைன்னு வெளிப்படையா எழுதுச்சு. 2019 நவம்பர்ல, நல்ல கேள்வியும் பதில் மாதிரியே முக்கியம்னு சொல்லி, கேள்விக்கு விழற பிளஸ்ஸை 5லேர்ந்து 10 ஆக்கினாங்க. சந்தோஷம். ரெண்டும் ஒண்ணுன்னா மைனஸ் குத்தறவர்கிட்டேயும் அந்த 1 புள்ளியைத் திரும்ப வாங்க வேண்டியதுதானே? குப்பைக் கேள்வியை மூடறதுக்குத்தான் தனி ஓட்டு வேற இருக்கே.

இதுல மானப் பிரச்சினை மட்டும் இல்லை. கேள்விகள் தொடர்ந்து மைனஸ்ல போனா, மேற்கொண்டு கேக்கவே விடாம தளம் பூட்டிடும். பயந்துபோய் அழிச்சீங்கன்னா, அழிச்ச கேள்வியும் அந்தக் கணக்குல சேரும். இதுல கூத்து என்னன்னா, மைனஸ் 3 வாங்கின சொந்தப் பதிவை அழிச்சா 'பியர் பிரஷர்'னு ஒரு பேட்ஜையும் அதே தளம் கொடுக்குது. தொட்டிலையும் ஆட்டிப் பிள்ளையையும் கிள்ற கதை!

விதி மாறுற வரைக்கும் பசங்ககிட்ட நான் சொல்றது இதுதான். அழிக்காதே, திருத்து. நீ திருத்தினாதான் குத்தினவர் தன் குத்தைத் திரும்ப எடுக்க முடியும். வந்த பிழைச் செய்தியைப் படம் பிடிச்சுப் போடாதே, எழுத்தாவே ஒட்டு. என்னென்ன செஞ்சு பார்த்தேன்னு சொல்லு. அப்புறம் அந்த 'டியர் சர்', 'கைண்ட்லி ஹெல்ப்', 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' எல்லாத்தையும் எடுத்துடு. வணக்கம் வைக்காம கேட்டா நம்ம ஊர்ல மரியாதைக் குறைச்சல். அங்கே வணக்கம் வச்சா, வேற யாராவது வந்து அதை வெட்டிட்டுப் போவாங்க. அது உன்னை அவமதிக்கறது இல்லைடா, அந்த ஊர் வழக்கம் அப்படின்னு சொன்னா, பாதிப் பசங்க நம்ப மாட்டேங்கறாங்க.