நாடி பார்க்காத வைத்தியர்

வைத்தியம் கற்றவர் நோயாளியின் நாடி பார்க்காமல் வேறு உத்தியோகம் வகித்தால் படிப்பு வீணாயிற்று எனப் பலர் குறை கூறுகின்றனர். அது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம். குடிநீரைச் சோதிப்பதும், கொசுவை ஒழிப்பதும், தொற்றுநோயின் மூலத்தைத் தேடுவதும், ஜனன மரணக் கணக்கை ஆராய்வதும் வைத்திய ஞானம் வேண்டும் காரியங்களே. வைத்தியசாலையில் ஒருவர் பிழைப்பார். நல்ல சுகாதார அதிகாரியால் ஓர் ஊரே பிழைக்கும்.

இதை உணர்ந்தே சென்னை மாகாணம் 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிற்று. இன்றும் தமிழ்நாட்டில் இவ்வேலைக்கென்றே தனி இலாகா உண்டு. எல்லா மாநிலங்களும் இத்தகைய உத்தியோகப் பிரிவை அமைக்கவேண்டுமென 2017-ஆம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கை கூறிற்று.

கொள்கை காகிதத்தில் கிடந்தால் போதாது. ஆஸ்பத்திரி நிபுணருக்குரிய மதிப்பும் சம்பளமும் இவர்களுக்கு இல்லையேல், கெட்டிக்கார இளைஞர் எவர் முன்வருவர்? சர்க்கார்கள் பதில் சொல்லட்டும்.