பேட்ஜ் காப்பாத்தாது, பாஸ்!

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருக்கீங்களா? மழைக் காலத்தில் தண்ணீர் திறந்தால் தென்பெண்ணையில் நுரை மலை மலையாகப் பொங்கும். எல்லாம் பெங்களூருக் கழிவு. பார்க்கவே கஷ்டமா இருக்கும். ஆனாலும் அது கண்ணுக்குத் தெரியுது, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி நிற்கலாம்.

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு சிப்காட் பக்கம் வேலை தேடப் போறீங்களா? கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சமாச்சாரம் இருக்கு. வார்ப்புக்கும் வெல்டிங்குக்கும் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ரேடியோகிராஃபி எடுப்பார்கள். இரும்புக்கு எக்ஸ்-ரே என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பல இடங்களில் பயன்படுவது இரிடியம்-192 வீசும் காமா கதிர். வாசனை கிடையாது, சூடு கிடையாது. வலியும் கிடையாது, அன்றைக்கு!

தெரியாமல் தொட்டால் என்ன ஆகும்? 2010, டெல்லி மாயாபுரி. பழைய இரும்புக் கடைத் தொழிலாளர்கள் ஒரு மெஷினைப் பிரித்து, ஈயத்தைத் தனியாக எடுத்தார்கள். உள்ளே இருந்த கோபால்ட்-60ஐயும் துண்டு போட்டார்கள். ஒரு துண்டு ஒருவருடைய பர்ஸுக்குள்ளேயே இருந்தது. பலருக்குக் கதிர்வீச்சுக் காயம், ஒருவர் இறந்தே போனார். அந்த மெஷினை ஏலத்தில் விற்றது யார் தெரியுமா? டெல்லி பல்கலைக்கழகம்! வேதியியல் துறையில் இருபது வருஷத்துக்கும் மேல் சும்மா கிடந்த கருவி. படித்தவர்களே கோட்டை விட்ட இடத்தில், சுத்தியல் பிடித்தவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

சரி, ட்ரெய்னிங்கில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால்வாசி ஆகிவிடும், இது பிளஸ் டூ கணக்கு. அதைவிட முக்கியமான ஒரு பழக்கம் இருக்கு. இரிடியம் ஒரு குட்டிக் குளிகை. கவசப் பெட்டியிலிருந்து கேபிளால் வெளியே தள்ளி, படம் எடுத்ததும் திரும்ப இழுக்கணும். சில சமயம் நடுவழியில் சிக்கிக்கும். 'ஹேண்டிலைச் சுத்தியாச்சு, உள்ளே போயிருக்கும்' என்று கிட்டே போகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். பயிற்சி எடுத்தவர் சர்வே மீட்டரைக் கையில் பிடித்தபடிதான் காலடி வைப்பார். முள் எகிறினால் கையை வைக்காமல் பின்வாங்கி, கயிறு கட்டி மறித்துவிட்டு, கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுவார்.

'சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கே!' என்பீர்கள். அது கவசம் இல்லைங்க, கணக்குப்பிள்ளை. எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை லேபுக்குப் போய்வந்த பிறகுதான் சொல்லும். தொழிலாளிக்கு ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் உச்சவரம்பு. அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்டர்வியூவில் சம்பளம், கேன்டீன், பஸ் எல்லாம் விசாரிப்பீங்கல்ல? கூடவே கேளுங்கள்: பயிற்சி எப்போது, பேட்ஜ் என் பேரில்தானே, பாதுகாப்பு அதிகாரி யார்? 'அதெல்லாம் சீனியர் பார்த்துப்பார் தம்பி' என்றால், நேரே சீனியரிடமே போங்கள். அந்த மீட்டரைக் கடைசியாக எப்போ காலிபரேட் பண்ணினாங்க அண்ணே?