கைதட்டலுக்குத் தயாராகும் பயிற்சிகள்

பயிற்சி முடிந்து வெளியே வரும் ஓர் ஆசிரியரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "போரடிக்கவே இல்ல, நேரம் போனதே தெரியல" என்பார். பயிற்சியை நடத்தும் கருத்தாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு நம்மிடம் இல்லை. கலகலப்பாக நடந்த பயிற்சியே நல்ல பயிற்சி என்று அதிகாரி முதல் பங்கேற்பவர் வரை எல்லோரும் நம்புகிறார்கள். நம் பயிற்சிகளைப் பாழாக்குவது இந்த நம்பிக்கைதான்.

கருத்தாளர் தயாராகும் விதத்தையே இது மாற்றிவிட்டது. வட்டார வள மையத்தில் நாளை பயிற்சி என்றால், இன்றிரவு அவர் தேடுவது இரண்டு விளையாட்டு, ஒரு குட்டிக்கதை, கண்கலங்க வைக்கும் ஒரு வீடியோ. பவர்பாயின்ட் மேலிடத்திலிருந்து வந்துவிடும். நாளை வரப்போகிறவர்கள் எந்த இடத்தில் திணறுகிறார்கள் என்ற கேள்வி அவர் மனதில் எழுவதே இல்லை.

1970-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைக் கருத்தாளர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ்' என்ற நிபுணராக அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் கூடிய அவையில் பேச வைத்தார்கள். மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு என்பது தலைப்பு. அவருக்கு அதில் எதுவும் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாக, ஆனால் நகைச்சுவையும் தன்னம்பிக்கையும் ததும்பப் பேசும்படி பழக்கியிருந்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் உரை சிந்தனையைத் தூண்டியதாகப் படிவத்தில் எழுதிக்கொடுத்தார்கள். படித்தவர்களையே பேச்சின் கவர்ச்சி இப்படி ஏமாற்றும் என்றால், மாலை ஐந்து மணிக்கு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நிரப்பப்படும் நம் பின்னூட்டப் படிவத்துக்கு என்ன மதிப்பு?

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இன்னும் முக்கியமானது. மாணவர்கள் தாங்களே கணக்குகளோடு மல்லுக்கட்டிய வகுப்பில் அதிகம் கற்றார்கள்; தேர்வு அதைக் காட்டியது. ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக அவர்களே சொன்னார்கள். திணறினால் கற்கவில்லை என்று தோன்றுகிறது, சுகமாகக் கேட்டால் கற்றுவிட்டதாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தைத்தான் நாம் அளந்துகொண்டிருக்கிறோம்.

சரியான தயாரிப்பு எப்படி இருக்கும்? தொடக்கப்பள்ளிக் கணக்கில் கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். 52-இல் 27 போனால் 25. பல பிள்ளைகள் 35 என்று எழுதும். இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டுவிடும். பிறகு ஐந்தில் இரண்டு போக மூன்று. இது கவனக்குறைவு அல்ல. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்த விதியைப் பிள்ளை நேர்மையாகப் பின்பற்றியிருக்கிறது. ஒரு வாரம் முன்பே நாலைந்து பள்ளிகளுக்குப் போய் இப்படிப்பட்ட தவறான விடைகள் உள்ள நோட்டுகளைச் சேகரித்து வருபவரே தயாரான கருத்தாளர். அந்தப் பக்கங்களை நகலெடுத்து ஆசிரியர்கள் கையில் கொடுத்து, "இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிடலாம். அரங்கம் ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கும். பிறகு வாக்குவாதம் தொடங்கும். "என் வகுப்பிலும் இப்படித்தான்" என்று ஒருவர் சொல்லும் இடத்தில் பயிற்சி ஆரம்பமாகிறது.

ஆசிரியர்கள் களைத்து வருகிறார்கள், சிரிக்க வைக்காவிட்டால் தூங்கிவிடுவார்கள் என்று சொல்வார்கள். இருபது வருடம் வகுப்பெடுத்தவரிடம் குழந்தைகளை அன்பாக நடத்துங்கள் என்று சொன்னால் தூக்கம் வராமல் என்ன செய்யும்? தெரிந்ததையே திரும்பச் சொல்லி, தூங்காமல் இருக்க எழுந்து நின்று கைதட்டச் சொல்வது அவர் அனுபவத்துக்குச் செய்யும் அவமரியாதை. சிரிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலையின் நடுவே தானாக வரும் சிரிப்பு நல்லது. வேலையே இல்லாத இடத்தை அடைக்க வரவழைக்கும் சிரிப்பு வீண்.

மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று படிப்படியாக இறங்கும் நம் பயிற்சி முறை இந்த நோயை முற்ற வைக்கிறது. ஒரு விளையாட்டு மூன்று படி தாண்டியும் அப்படியே வந்து சேரும். ஒரு சந்தேகமும் அதைத் தீர்த்த விவாதமும் முதல் படியிலேயே உதிர்ந்துவிடும்.

பயிற்சியை நான்கு நிலைகளில் மதிப்பிடலாம் என்று டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-லேயே எழுதினார்: பங்கேற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, அதனால் பலன் உண்டா. நாம் இன்னும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை.

அதிகாரிகளே, கருத்தாளருக்கான ஆணையை முதல் நாள் மாலை அனுப்பாதீர்கள். பள்ளிகளுக்குப் போய் நோட்டுகளைப் பார்க்க ஒரு வாரம் கொடுங்கள். பயிற்சியன்று மாலை படிவம் வாங்குவதை நிறுத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்து அந்த ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருங்கள். 52-இல் 27 போனால் எவ்வளவு என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.