ரோசா எந்த டைப்?



போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு கேள்வித்தாள் கைமாறிக் கைமாறி வந்தது ஞாபகம் இருக்கா? பதில்களை டிக் பண்ணினால் கடைசியில் நாலு எழுத்து வரும். நீங்கள் எந்த டைப் என்று அது சொல்லிவிடுமாம்! எனக்கு 'தனிமை விரும்பி' என்று வந்தது. மறுவாரம் லீடர் தேர்வில் ஒருத்தி என் பெயரைச் சொன்னாள். உடனே பின் பெஞ்சிலிருந்து "அவளா? அவதான் தனிமை டைப்பாச்சே!" என்று ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும்தான் தோன்றியது. இதே தாளை ரோசா லக்சம்பர்க்கிடம் கொடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்?

1871-ல் போலந்தில் பிறந்தவர். குள்ளமான உருவம். சின்ன வயதில் வந்த நோயால் கடைசிவரை கால் சாய்த்துத்தான் நடந்தார். ஜெர்மனியில் அவர் மேடை ஏறினால் அரசாங்கமே மிரளும். 1913-ல், பிரெஞ்சுத் தொழிலாளிகள் மீது நாம் துப்பாக்கி தூக்கக் கூடாது என்று பேசினார். அதற்காகவே ஓராண்டு சிறை.

முதல் கேள்வி: கூட்டம் பிடிக்குமா, தனிமை பிடிக்குமா? இதே ரோசாதான் 1917-ல் சிறையிலிருந்து சோஃபி லீப்னெக்ட் என்ற தோழிக்கு எழுதுகிறார், கட்சி மாநாட்டைவிடப் புல்வெளியில் வண்டுகளுக்கு நடுவில் இருப்பதுதான் தனக்குச் சொந்த வீடு போல இருக்கிறதாம்! எதை டிக் பண்ணுவது?

அடுத்தது: அறிவா, உணர்ச்சியா? பொருளாதார ஆய்வுக்காக 1897-லேயே டாக்டர் பட்டம் வாங்கியவர். 1913-ல் முதலாளித்துவம் பற்றித் தடியான புத்தகம் போட்டார். அதே வருஷம்தான் இலை, பூக்களைப் பறித்துக் காயவைத்து நோட்டில் ஒட்டவும் ஆரம்பித்தார். சிறையிலும் விடவில்லை. மொத்தம் 18 நோட்டுகள்! (எங்கள் தாவரவியல் ரெக்கார்டு நோட்டு ஒன்றுக்கே மூச்சு வாங்குது.)

1917 டிசம்பரில் அவர் எழுதிய எருமைக் கடிதத்தை எல்லாரும் படிக்க வேண்டும். ருமேனியாவிலிருந்து பிடித்து வந்த எருமைகள் பாரவண்டி இழுத்துச் சிறை முற்றத்துக்கு வருகின்றன. ஒரு சிப்பாய் சாட்டைக் கட்டையால் அடித்ததில் ஒரு எருமையின் தோல் கிழிந்து ரத்தம். அது, ஏன் அடிக்கிறார்கள் என்றே புரியாத குழந்தை மாதிரி நிற்கிறது. அதைப் பார்த்து ரோசா அழுகிறார். அந்தச் சிப்பாயோ பாட்டை விசிலடித்துக்கொண்டு நடக்கிறான். மொத்தப் போரும் தன் கண்முன் கடந்து போனதாக அந்தக் கடிதத்தில் எழுதுகிறார்.

"வெளியே இரும்பு, உள்ளே பூ" என்றார் இதைக் கேட்ட ஒரு டீச்சர். மன்னிக்கணும் டீச்சர், எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள் என்று ரெண்டு பேரா இருந்தார்கள்? எருமையின் காயத்தைப் பார்த்த அதே கண்தான் போரையும் பார்த்தது. அந்தக் கண் இல்லாவிட்டால் மேடையில் அவர் என்னத்தைப் பேசியிருப்பார்?

1919 ஜனவரி 15-ல் அவரைக் கொன்று பெர்லின் கால்வாயில் வீசினார்கள். அப்போது அவருக்கு வயது 47.

அடுத்த பருவத்தில் மறுபடி லீடர் தேர்வு வருது. யாராவது என் பெயரைச் சொன்னால், பின் பெஞ்சு என்ன சொன்னாலும், இந்த முறை நான் சிரிக்க மாட்டேன்.

– 11ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி