ஸ்பீக்கர் உறுமினால் கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும் என்று ரேடியோ கடையில் சொல்லி, 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் செய்து வாங்கியாயிற்று. பகலில் தெளிவாகப் பாடுகிறது. சாயங்காலம் ஏழு மணி ஆனதும் 'ர்ர்ர்' என்று உறுமுகிறது. உடனே சவுண்ட் கார்டை மாற்றலாமா என்று யோசிக்கிறோம். அவசரப்படாதீர்கள். குற்றவாளி பெரும்பாலும் பவர் சப்ளைதான்.

சூரமங்கலம் பக்கம் தறியும் வெள்ளிப் பட்டறையும் வீட்டு விளக்கும் ஒன்றாக ஓடும் தெருக்களில், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அப்போது 11.7 வோல்ட்தான் தரும். டையோடு பிரிட்ஜைத் தாண்டினால் உச்சத்தில் 15.2 வோல்ட். 4700 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருந்தும், 1 ஆம்பியர் இழுக்கும்போது அலையின் பள்ளத்தில் ஏறக்குறைய 13.5 வோல்ட்தான் மிஞ்சும். இதிலிருந்து 12 வோல்ட் எடுக்க வேண்டும்.

இங்கேதான் ட்ரான்சிஸ்டர் ஜோடி முக்கியமாகிறது. ஒற்றை ட்ரான்சிஸ்டரின் பெருக்கம் 50 என்றால், 1 ஆம்பியருக்கு ஜீனர் பக்கத்திலிருந்து 20 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். இரண்டை இணைத்தால் பெருக்கம் 2500 ஆகும். அரை மில்லி ஆம்பியரே போதும்.

இணைப்பதில் இரண்டு வழி உண்டு. பெல் ஆய்வகத்தின் சிட்னி டார்லிங்டன் 1953-ல் சொன்ன வழியில் இரண்டும் ஒரே வகை. டிஐபி 122 என்று ஒரே உறைக்குள் கிடைப்பதால் கடைக்காரர் இதைத்தான் எடுத்துத் தருவார். ஆனால் இதில் 1.4 வோல்ட் குறையும். 12 வேண்டுமானால் பேஸில் 13.4 இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ 13.5!

ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் சிக்லாய் பெயரால் வழங்கும் ஜோடியில், முன்னால் பிடி 139 போன்ற என்பிஎன், பின்னால் டிஐபி 2955 போன்ற பிஎன்பி. குறைவது 0.7 வோல்ட்தான். பேஸுக்கு 12.7 போதும், 0.8 வோல்ட் கையில் நிற்கும். உறுமலுக்கும் அமைதிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். '7812 ஐசி போதாதா?' என்பீர்கள். அதற்கு உள்ளே 14 வோல்ட் வேண்டும்.

'18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால் டார்லிங்டனே போதுமே' என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் வோல்டேஜ் சரியாக வரும் நேரத்தில் 8 வாட்டுக்குப் பதில் 12 வாட் வெறும் சூடாகப் போகும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஹீட் சிங்க்கைத் தொட முடியாது.

சிக்லாய்க்கும் ஒரு குறை உண்டு. ஒயர் நீளமானால் தானாக அலைபாயத் தொடங்கும். ஒயர்களைக் குட்டையாக வையுங்கள். பிஎன்பியின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 100 ஓம் ரெசிஸ்டரும், வெளியே 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் போடச் சொல்லுங்கள்.

என் கருத்து இதுதான்: பெருக்கம் எவ்வளவு, பாகம் எத்தனை என்று பார்த்து ஜோடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் தெருவில் மிக மோசமான சாயங்காலம் எத்தனை வோல்ட் வருகிறது என்று ஒரு வாரம் மீட்டரில் அளந்து பாருங்கள். 200-க்குக் கீழே இறங்காவிட்டால் டார்லிங்டனே எளிது. இறங்கினால் சிக்லாய்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டன்சரில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம்.