நத்தை தின்கிறவர்களைக் கேட்டீர்களா?

காவிரிப் படுகையைக் காப்போம் என்று மேடை போடுகிறவர்களிடம் எனக்கொரு கேள்வி. படுகை என்றால் யார்?

2017 ஜூன் 30இல் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து வயலில் ஓடியது. ஜனங்கள் மறித்தார்கள். போலீஸ் அடித்தது, பேராசிரியர் ஜெயராமன் உள்ளிட்டவர்களைச் சிறையில் வைத்தது. அந்தப் போராட்டம் நியாயமானது, நானும் அதன் பக்கம்தான். ஆனால் இப்படி வயல் கெட்டால் நட்டக் கணக்கு எழுத வருகிறவன் பட்டாவை எடுத்து வா என்கிறான். பட்டா ஆண்டை வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. அந்த வயலில் களையெடுத்தவளுக்குப் போன கூலிநாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

எங்க அம்மா நாப்பது வருசம் சேத்துல நின்னு நட்டவ. சாயந்தரம் அதே வாய்க்காலில் இறங்கி நத்தையும் நண்டும் பொறுக்கி வருவாள். ராத்திரி குழம்பு அதுதான். நிலத்துக்காரர் வரப்பில் குடையோடு நிற்பார். ஒரே வயல், ஒரே தண்ணி. விஷம் இறங்கினால் எந்த உடம்பில் முதலில் ஏறும்?

விஞ்ஞானமும் இதையேதான் கேட்கிறது. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு உப்புநீரும் மேலே வருகிறது. அடிப்பாறையில் கிடக்கும் யுரேனியம், தோரியத்தின் வாரிசான ரேடியம் அதில் கரைந்து வரக்கூடும். குழாய்க்குள் படிவமாக ஒட்டிக்கொள்ளும். அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அளந்துதான் பார்க்கணும். யாரை வைத்து அளப்பது? கதிர்வீச்சுப் பாதுகாப்பின் சர்வதேச நெறி சராசரி ஆளைப் பார் என்று சொல்லவில்லை. வாழும் முறையால் மற்றவரைவிட அதிகம் வாங்கிக்கொள்கிறவரைப் பார் என்கிறது. ஆஸ்திரேலியாவில் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழே பூர்வகுடிகள் தின்னும் மட்டியில் ரேடியத்தை அளந்தார்கள். அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்க வேண்டுமே! இங்கே யார் கேட்டார்கள்? 1967 முதல் யுரேனியம் தோண்டிய ஜாதுகோடாவில் கழிவுக்குட்டை ஓரத்தில் இருப்பவர்கள் சந்தால், ஹோ ஆதிவாசிகள். 2006 டிசம்பரில் கழிவுக்குழாய் உடைந்து ஓடையில் கலந்ததும் அவர்கள் பக்கத்து ஓடைதான். கழிவுக்கு எப்போதும் நம்ம தெரு தெரியும்.

2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய் தேடித் துளையிட மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. அந்தக் கூட்டத்தில் நமக்கு நாற்காலி கிடைத்ததில்லை என்பது வேறு கதை. இப்போ கூட்டமே கிடையாது. அடுத்த மாதமே மாநில அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டது. பட்டாசு வெடித்தார்கள். புதுக் கிணறுக்குத்தான் தடை. ஏற்கெனவே ஓடுபவை ஓடலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. ஓடுகிற கிணற்றுக்குக் கீழ்மடையில் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த கோரிக்கை மனுவில் இதையும் சேருங்கள். ஓடுகிற ஒவ்வொரு கிணற்றுக்கும் கீழ்மடையில் உள்ள சேரியின் கைப்பம்புத் தண்ணி, வாய்க்கால் சேறு, நத்தை, நண்டு எல்லாவற்றையும் அளக்கணும். அளந்த தாளைத் தமிழில் சேரியிலேயே வாசிக்கணும். அளக்க வருகிற அதிகாரி ஊர்த்தெருவில் காபி குடித்துவிட்டு அப்படியே ஜீப் ஏறிவிடக் கூடாது.