அம்மாவுக்கு ஒரு கண்ணாடி அறை

"பின்னால இடம் சும்மாத்தானே கிடக்கு, கண்ணாடி போட்டு அடைச்சிடலாம்க்கா. அம்மா உட்கார்ந்து மழையைப் பார்க்கட்டும்" என்றான் தம்பி. கிள்ளானில் அவன் வாங்கியிருப்பது வரிசை வீடு. தோட்டத்து வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்தே பழகிய அம்மாவுக்கு அங்கே மூச்சு முட்டுகிறதாம்.

குத்தகையாளர் காட்டிய படம் அழகாகத்தான் இருந்தது. சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. "இரட்டைக் கண்ணாடி, யூ மதிப்பு குறைவு, கரண்ட் மிச்சம்" என்றார்.

யூ மதிப்பு குளிர்நாட்டுக்காரர்களின் முதல் கேள்வி. வீட்டுச் சூடு வெளியே போகக்கூடாது என்பது அவர்கள் கவலை. நமக்கோ வெயில் உள்ளே வரக்கூடாது. அதைச் சொல்லும் அளவு எஸ்.எச்.ஜி.சி. 0 முதல் 1 வரை இருக்கும். குறையக் குறைய நல்லது. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 0.8. அதாவது, மேலே படும் வெயிலின் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளே வந்துவிடும். வெயிலைத் தடுக்கும் 'லோ-இ' பூச்சுக் கண்ணாடியில் 0.3 அளவிலும் கிடைக்கிறது. இந்த எண்ணையும், எத்தனை விழுக்காடு வெளிச்சம் வரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடி என்றாலே குளிர்ச்சி என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது கூரை. நம் நாட்டில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கிறது. கண்ணாடிக் கூரை போட்டுவிட்டு ஏர்கோனை ஓடவிட்டால், மிச்சம் எங்கிருந்து வரும்? கூரைக்கு ஓடும் வெப்பத்தடுப்பும் போதும். கண்ணாடி பக்கவாட்டில் இருக்கட்டும். மேலே கொஞ்சமாவது வேண்டுமென்றால், உடைந்தாலும் சிதறி விழாத லேமினேட்டட் கண்ணாடிதான் போட வேண்டும். மேற்குப் பக்கம் என்றால் வெளியே நிழல் அமையுங்கள். உள்ளே திரை போடும்போது சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருக்கும். சூடான காற்று வெளியேற உயரத்தில் திறக்கும் சன்னல் வையுங்கள். வேலை தொடங்குமுன் ஊராட்சி மன்ற அனுமதியும் முக்கியம்.

படத்தை மாற்றி வரையச் சொன்னோம். பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கண்ணாடியை முழுசாத் திறக்க முடியுமாப்பா? சாரல் கொஞ்சம் மேல படட்டுமே."

தம்பி இப்போது மடக்கித் திறக்கும் கதவுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறான்.